பருக்கையிலும் பரக்கத் உண்டு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற குடும்ப ஒழுக்க நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும், அகிலங்களைப் படைத்து அவற்றில் வாழும் ஒவ்வோர் உயிருக்கும் உணவளித்துக் காக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

வலீமா விருந்துகளில் உணவு வீணாவது குறித்து மிம்பரில் பலமுறை பேசப்பட்டுள்ளது. ஆயினும் விருந்து என்பது ஒரு குடும்பத்தில் ஆண்டுக்கு ஓரிரு நாட்கள் நடப்பது. வீட்டு அடுப்பில் உலை வைப்பதோ நாள் தவறாமல் நடப்பது. ஆகவே இன்று மண்டபத்தை விட்டுவிட்டு, நம் வீட்டு அடுப்படியைப் பற்றிச் சிந்திப்போம்.

இறைமறை வகுத்த எல்லை

உண்ணுவதையும் பருகுவதையும் அல்லாஹ் நமக்கு அனுமதித்துள்ளான். அந்த அனுமதியை வழங்கும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்திலேயே, வரம்பு மீறுவதையும் தடை செய்துவிட்டான். வரம்பு மீறுவோரைத் தான் நேசிப்பதில்லை என்றும் எச்சரிக்கின்றான். உண்பதற்கான அனுமதியும் வீணாக்கக் கூடாது என்ற தடையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருவதை நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு மார்க்கத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ‘இஸ்ராஃப்’. அனுமதிக்கப்பட்ட ஒன்றில் அளவு கடந்து போவதை இது குறிக்கும். மற்றொன்று ‘தப்தீர்’. செலவிடத் தகாத வழியில் பொருளைச் சிதறடிப்பதை இது குறிக்கும். இவ்வாறு சிதறடிப்போரை ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் வர்ணிக்கின்றது. உண்ணத் தகுந்த சோற்றைச் சமைத்துக் குப்பையில் கொட்டும்போது, அளவுக்கு மீறிச் சமைத்ததால் அது இஸ்ராஃபாகவும், கொட்டியதால் தப்தீராகவும் ஆகிவிடுகின்றது.

அதே வேளையில் மார்க்கம் கஞ்சத்தனத்தைக் கற்பிக்கவில்லை. வீண்விரயமும் செய்யாமல், கைகளை இறுக்கிக்கொள்ளவும் செய்யாமல், இரண்டுக்கும் நடுநிலையாகச் செலவிடுவதே ரஹ்மானின் அடியார்களுடைய பண்பு என்று அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் போதிக்கின்றது. பிள்ளைகளுக்கு வயிறார உணவளியுங்கள்; விருந்தினரை முகமலர்ச்சியோடு உபசரியுங்கள். அதில் எவ்விதத் தடையும் இல்லை.

கடையில் இறைச்சி வாங்கும்போது, முறைப்படி அறுக்கப்பட்டதுதானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை விசாரிக்கின்றோம். இந்தப் பேணுதல் போற்றத்தக்கதே. ஆனால் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கப்பட்ட, ஹலாலான அந்த இறைச்சி மறுநாள் காலையில் தெருநாய்களுக்கு வீசப்படும்போது நம் உள்ளம் ஏன் உறுத்துவதில்லை? ஹராமை நெருங்காமல் இருப்பதில் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும் ஹலாலை வீணாக்காமல் இருப்பதில் காட்ட வேண்டாமா?

நாயகத்தின் உணவுத் தட்டு

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் உணவு பெற்றிருந்த மதிப்பைப் பாருங்கள். ஒரு கவளம் கீழே விழுந்துவிட்டால், அதில் ஒட்டிய தூசியை அகற்றிவிட்டு உண்ணுமாறும், ஷைத்தானுக்காக அதை விட்டுவிட வேண்டாம் என்றும், தட்டை வழித்து உண்ணுமாறும் கற்பித்தார்கள். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை நாம் அறியமாட்டோம் என்று அதற்கான காரணத்தையும் விளக்கினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

தட்டின் ஓரத்தில் நாம் ஒதுக்கி வைக்கும் கடைசிப் பிடிச் சோற்றில்கூட அந்த பரக்கத் இருக்கலாம். சம்பாத்தியத்தில் பரக்கத் இல்லை, வாங்கிய சாமான் மாதக் கடைசி வரை வருவதில்லை என்று துஆ கேட்டு வருவோர் பலர். துஆ செய்வோம்; அத்துடன், வந்த பரக்கத்தை நாமே வாசல் வழியாக வெளியேற்றுகிறோமா என்பதையும் பார்த்துக்கொள்வோம்.

ஒருமுறை வழியில் ஒரு பேரீச்சம் பழம் கிடப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அது ஸகாத் பொருளாக இருக்கக்கூடுமோ என்ற அச்சம் இல்லாதிருந்தால் தாமே அதை உண்டிருப்பதாகக் கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இது இடம்பெற்றுள்ளது. மதீனாவின் ஆட்சித் தலைவராக இருந்தவர்கள், வழியில் கிடந்த ஒற்றைப் பேரீச்சம் பழத்தையும் அலட்சியமாகக் கடந்து செல்லவில்லை.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டைச் சேர்ந்த ஒரு பணிப்பெண்ணுக்கு தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அதன் தோலைப் பயன்படுத்தக் கூடாதா என்று நபியவர்கள் வினவினார்கள். செத்த ஆடாயிற்றே என்று மக்கள் கூறியபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள். உண்ண முடியாத பொருளிலும் பயன்படும் பகுதி வீணாகக் கூடாது என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இன்னொரு நாள் வீட்டில் குழம்பு கேட்டபோது, காடியைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டது. அதையே வரவழைத்து, காடி எத்தனை நல்ல குழம்பு என்று பாராட்டி உண்டார்கள். உணவை ஒருபோதும் அவர்கள் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சான்று பகர்கின்றார்கள்.

ஆண்களே, இந்த ஹதீஸை நமக்காகவே சொல்கின்றேன். உணவு வீணாவதற்குப் பெண்களே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். காலையில் செய்த குழம்பை இரவில் தொடமாட்டேன் என்பவர் யார்? ஒரு கறி போதாது, இன்னொன்று வேண்டும் என்பவர் யார்? வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமலேயே மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு கிலோ மீனும் மூன்று கட்டுக் கீரையும் வாங்கி வருபவர் யார்? இரவுச் சாப்பாட்டுக்கு வரமாட்டோம் என்பதை ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியில் உண்டுவிட்டு வருபவர் யார்? அடுப்படிக்குள் நுழையாத நம் கைகளாலும் உணவு வீணாகின்றது.

உலகம் சொல்லும் கணக்கு

ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணடிக்கப்பட்டுள்ளது. இதில் பெரும்பங்கு உணவகங்களிலிருந்தோ கடைகளிலிருந்தோ வந்ததன்று. 100க்கு 60 பங்கு, அதாவது சுமார் 63 கோடி டன், வீடுகளிலிருந்து வந்தது. நம் இந்திய நாட்டில் வீட்டளவில் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அவ்வறிக்கை மதிப்பிடுகின்றது. எலும்பு, தோல் போன்ற உண்ண இயலாத பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது சிறு அளவன்று.

மறுபுறத்தில், 2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியில் வாடியதாக அதே சபையின் உணவு அமைப்புகள் 2025ஆம் ஆண்டு அறிவித்தன. விளைச்சல் போதவில்லை என்பதே பசிக்குக் காரணம் என்று இதன் பிறகும் எவ்வாறு சொல்ல இயலும்?

சோறு மட்டுமா வீணாகின்றது? ஒரு கிலோ அரிசி விளைவதற்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகின்றது. கொட்டப்பட்ட உணவு குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் மக்கும்போது மீத்தேன் என்ற வாயு வெளியாகி பூமியின் வெப்பத்தைக் கூட்டுகின்றது. மனிதன் தன் உணவை நோக்கிச் சிந்திக்குமாறு அபஸ அத்தியாயத்தில் பணிக்கும் இறைவன், வானிலிருந்து மழை பொழிவதையும், பூமி பிளந்து தானியமும் கனியும் முளைப்பதையும் அடுத்தடுத்து எடுத்துரைக்கின்றான். நம் தட்டிலுள்ள ஒவ்வொரு பருக்கைக்குப் பின்னாலும் மழை இருக்கின்றது, மண் இருக்கின்றது, உழவரின் வியர்வை இருக்கின்றது. நெல் விளையும் மண்ணிலேயே, 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பிடியரிசி எங்கே போயிற்று?

மஹல்லாவின் மூத்தவர்களுக்குப் பிடியரிசி நினைவிருக்கும். பல ஊர்களில் நம் பாட்டிமார்கள் உலைக்கு அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ மதரஸாவிலிருந்து வந்து அதைப் பெற்றுச் செல்வார்கள். ஓதும் பிள்ளைகளுக்கு அந்த அரிசியே உணவாயிற்று. பணமாகக் கொடுக்க வழியில்லாத தாய்மார்களும் அவ்வாறு தர்மம் செய்தார்கள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு ஒரு பிடி, அதாவது 50 கிராம் அரிசி சோறாகிக் கொட்டப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அது 18 கிலோவுக்கும் மேலாகும். 400 வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவில் 7,300 கிலோவாகும். 25 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 292 மூட்டைகள். மதரஸாக்களை வாழவைத்த அதே ஒரு பிடி, இன்று குப்பை வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றது.

நம் பைத்துல்மாலுக்கு அரிசி கேட்டு மனுச் செய்யும் குடும்பங்கள் எங்கோ தொலைவில் இல்லை. நாம் தொழுகைக்கு வரும் இதே தெருக்களில் வசிக்கின்றன. அவர்களுடைய பெயர்களை எவரிடமும் நாம் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அவ்வீடுகளின் குழந்தைகள் பள்ளிக்கூடம் செல்லும் வழியில், நம் வாசலில் வைக்கப்பட்ட குப்பைக் கூடையையும் பார்த்துக்கொண்டுதான் போகின்றார்கள். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரப்புபவர் உண்மையான முஃமின் அல்லர் என்ற நபிமொழியை நாம் அறிவோம். குழம்பு வைக்கும்போது தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்ததையும் அறிவோம்.

மீந்ததெல்லாம் ஸதகா ஆகுமா?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டியுள்ளது. நாங்கள் கொட்டுவதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சிலர் கூறுகின்றனர். எப்போது கொடுக்கின்றோம், எதைக் கொடுக்கின்றோம் என்பதைப் பார்க்க வேண்டாமா? இரவு முழுவதும் திறந்து கிடந்து, நமக்கே வேண்டாம் என்றான பிறகு, காலையில் வேலைக்கு வரும் அம்மாவின் பாத்திரத்தில் போடுவது ஸதகாவா? நமக்கே கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கிக்கொள்ளமாட்டோமே, அத்தகைய மட்டமான பொருளைத் தேடிப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கின்றது.

இதில் உடல்நலமும் அடங்கியுள்ளது. சமைத்த சோற்றை அறையின் வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால், வேகவைத்தும் சாகாத ஒருவகை நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றது. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. எனவே சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. கொடுப்பதாக இருந்தால், நாம் உண்ண அமரும் முன்பே, சூடாக இருக்கும்போதே, சுத்தமான பாத்திரத்தில் எடுத்து வைத்துக் கொடுங்கள். அதுவே ஸதகா. கெட்டுப்போனதைக் கொடுப்பதால் பாவம் நீங்குவதில்லை. இன்னொருவரின் வயிற்றையும் நாம் கெடுத்தவர்களாகின்றோம்.

தட்டின் அருகே தொடங்கும் கல்வி

இதற்குத் தீர்வு என்ன? திட்டுவதால் எவரும் திருந்துவதில்லை. கற்பிக்க வேண்டும், அதுவும் சிறு வயதில் கற்பிக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, உண்ணும் தட்டில் அவர்களுடைய கை அங்குமிங்கும் அலைந்தது. நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுமாறும், வலக்கரத்தால் உண்ணுமாறும், தமக்கு அருகிலுள்ளதிலிருந்து உண்ணுமாறும் அன்போடு மூன்று ஒழுக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பின்னர் தமது உண்ணும் முறை அவ்வாறே நிலைத்துவிட்டது என்று அந்த நபித்தோழர் பிற்காலத்தில் கூறினார்கள். ஒருமுறை, தட்டின் அருகிலேயே அமர்ந்து கற்பித்தது வாழ்நாள் முழுவதும் நின்றுவிட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் உண்ணும் ஒழுக்கங்களுக்கென்றே தனியொரு பகுதியை ஒதுக்கியிருப்பதும் இதன் முக்கியத்துவத்தால்தான்.

நம் பிள்ளைகளுக்கு உண்ணும் முன் ஓதும் துஆவும் பின் ஓதும் துஆவும் மனப்பாடம். அந்த இரண்டு துஆக்களுக்கும் இடையே தட்டில் என்ன நடக்கிறது என்பதையும் கற்பிப்போம். ஜமாஅத் நிர்வாகத்தின் முன்னும் தாய்மார்களின் முன்னும் சில ஆலோசனைகளை வைக்கின்றேன்.

முதலாவது, ஒரு வார காலக் கணக்கு. மக்தப் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில், தம் வீட்டில் அன்றாடம் எது, எவ்வளவு, எதனால் வீணாயிற்று என்று குறிக்கட்டும். அதை உஸ்தாதிடம் காட்ட வேண்டியதில்லை. வீட்டின் குறையை வெளியில் சொல்வது நம் நோக்கமன்று. வார இறுதியில் தாய் தந்தையரோடு அமர்ந்து பார்த்தால் போதும். கண்ணால் காணாத வரை வீண்விரயம் நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

இரண்டாவது, அளந்து சமைத்தல். கண் அளவாக அரிசியைக் கொட்டாமல் ஆழாக்கு வைத்து அளந்த நம் பாட்டிமார்களின் வழக்கத்தை மீட்போம். காலையிலேயே இன்று எத்தனை பேர் உண்பார்கள் என்று கேட்டுக்கொள்வோம். கேட்காவிட்டாலும் ஆண்கள் தாமாகச் சொல்லட்டும்.

மூன்றாவது, சிறிதாகப் பரிமாறுதல். குழந்தையின் தட்டில் நிறைய வைத்துவிட்டு, மீதம் வைக்கிறாயே என்று அடிப்பதில் நியாயமில்லை. கொஞ்சம் வைத்து, வேண்டுமானால் மறுபடி வைப்போம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பலர் ஒரே ஸஹனில் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்டவர்களிடம், சேர்ந்து அமர்ந்து உண்ணுமாறும் அதில் பரக்கத் செய்யப்படும் என்றும் நபியவர்கள் கூறியதாக அபூதாவூதில் வருகின்றது. நாளில் ஒருவேளையாவது குடும்பத்தோடு சேர்ந்து உண்போம்.

நான்காவது, குளிர்சாதனப் பெட்டி. வைத்ததை மறக்கும் இடமாக அது மாறிவிட்டது. புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள். வெள்ளிக்கிழமை குத்பாவுக்கு முன் நகம் வெட்டிக் குளிப்பது போல, வியாழக்கிழமை இரவில் பெட்டியைத் திறந்து பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள். அன்றைய சமையல் அதில் இருப்பதைக் கொண்டே ஆகட்டும். அரிசி, பருப்பில் வண்டு விழாமலிருக்கக் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வைக்கும் பழைய முறையும் பயனுள்ளதே.

ஐந்தாவது, ரமளான். பசியை உணர்வதற்கான மாதத்தில்தான் நம் வீடுகளில் உணவு அதிகமாக வீணாகின்றது. அஸருக்குப் பின் பசித்த கண்களோடு கடைவீதிக்குச் சென்று வடையும் சமோசாவும் வாங்கிக் குவித்து, பள்ளியில் வாங்கிய கஞ்சியும் வீட்டில் காய்ச்சிய கஞ்சியுமாகச் சேர்ந்து, இரவில் எல்லாம் புளித்துப் போகின்றன. தூக்குவாளி பெரிதாக இருக்கிறது என்பதற்காக நிரப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் கஞ்சி பொதுப்பொருள். நாம் கொட்டும் ஒரு கரண்டி, வரிசையின் கடைசியில் நின்றவருக்குக் கிடைக்காமல் போன ஒரு கரண்டியாக இருக்கலாம்.

ஆறாவதாக நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். பிடியரிசிப் பானையை மீண்டும் நம் வீடுகளில் வைப்போம். மிச்சம் பிடிக்கும் அரிசி பைத்துல்மாலுக்கு வரட்டும். அங்கிருந்து, மீந்த சோறாக அன்றி நல்ல அரிசியாக, தேவையுள்ள வீடுகளுக்கு எவரும் அறியாமல் போய்ச் சேரட்டும்.

எங்கள் பணம்தானே?

நாங்கள் ஹலாலாகச் சம்பாதித்த பணம், நாங்கள் வாங்கிய அரிசி, கொட்டினால் உங்களுக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். பணம் நம்முடையது என்றே வைத்துக்கொள்வோம். மழை நம்முடையதா? மண் நம்முடையதா? விதையைப் பிளந்து முளைக்கச் செய்தவர் நாமா? அருட்கொடைகளைப் பற்றி அந்நாளில் நிச்சயமாக விசாரிக்கப்படுவோம் என்று அத்தகாஸுர் அத்தியாயம் எச்சரித்து முடிகின்றது. நாம் உண்டதற்கே கணக்கு உண்டு என்றால், கொட்டியதற்கு என்ன பதில் சொல்வோம்?

நிம்மதியோடும் அமைதியோடும் வாழ்ந்த ஓர் ஊரின் உவமையை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 112ஆம் வசனம் கூறுகின்றது. எல்லாத் திசைகளிலிருந்தும் அவ்வூருக்கு உணவு தாராளமாக வந்துகொண்டிருந்தது. அம்மக்கள் நன்றி மறந்தார்கள். பசியும் அச்சமும் அவர்களை ஆடையைப் போலப் போர்த்திக்கொண்டன. நம் ஊருக்கும் இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் உணவு வருகின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று நாவால் சொல்வது நன்றியின் தொடக்கம். தட்டைச் சுத்தமாக வழித்து எழுவது அந்த நன்றியின் செயல்வடிவம்.

யா அல்லாஹ்! நீ அளித்த உணவில் எங்களுக்கு பரக்கத் செய்வாயாக! அதை மதிக்கும் உள்ளத்தையும், அளவோடு உண்ணும் பண்பையும், பசித்தவரை நினைக்கும் இரக்கத்தையும் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தந்தருள்வாயாக! எங்கள் மஹல்லாவில் எந்த வீட்டு அடுப்பும் பற்றவைக்கப்படாமல் இரவைக் கழிக்காதவாறு காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.